பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மதுரையில் ஒரு சிறு நிலையம் நடத்துகிறேன். பத்து இடத்துக்கு மூன்று இடம் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசம். வாசலில் பலகையே மாட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மூன்று இடங்களிலும் பல வருஷங்களாக, நிஜமாகவே இல்லாத வீட்டிலிருந்து வந்த பிள்ளை ஒன்றுகூட நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் நான். யாரையும் வாயால் போகச் சொன்னதில்லை. அவர்களாகவே போகும்படி விதிகளை எழுதி வைத்திருந்தேன். போனபிறகு, போனது அவர்கள் குற்றம் என்று ஃபைலில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இந்த வேலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அறிவில் குறையில்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் பிடிக்கிற இடத்தில்தான் சிக்கல். 'கொடி' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் 'க'. கண் முதலில் பார்ப்பது கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ 'க்' என்ற ஒலியை. மற்ற பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக்குள் இதைத் தாண்டிவிடுவார்கள். இவர்கள் நான்காம் வகுப்பிலும் 'கெ… கா… டி' என்று தடுமாறுவார்கள். அப்புறம் ல, ள, ழ இருக்கிறது; ன, ண, ந இருக்கிறது. 247 எழுத்து என்று நாம் பெருமையாகச் சொல்லும் வரிசை அவர்களுக்கு மலையாகத் தெரியும்.

சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறது. மணல் தட்டில் விரலால் எழுதி, எழுதும்போதே ஒலியைச் சொல்ல வைப்பது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைத் தடவ வைப்பது. ஒரு ஒலி உறுதியான பிறகே அடுத்ததைத் தொடுவது. அமெரிக்காவில் 1930களிலேயே மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் வகுத்துக் கொடுத்த அடிப்படைதான் இன்றும் ஓடுகிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஆளும் நேரமும் வேண்டும். ஒரு ஆசிரியரிடம் ஒன்றிரண்டு பிள்ளைகள், வாரத்தில் பல நாள், வருஷக்கணக்கில். செலவெல்லாம் இதில்தான். நான் ஒரு வகுப்புக்கு 400 ரூபாய் வாங்கினேன். வாரம் மூன்று வகுப்பென்றால் மாதம் 4,800. வீட்டு வேலை செய்கிற ஒரு பெண்ணின் கைக்கு மாதம் வருவதில் பெரும்பகுதி அது.

அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் ஏழைப் பிள்ளை படித்துவிடும் என்று நம்பினேன். என் கணக்கில் ஏழ்மை என்பது 4,800 ரூபாய்.

ஒரு பையனை வைத்துச் சொன்னால் புரியும். 2018இல் செல்லூர்ப் பக்கமிருந்து வந்தான். மாநகராட்சிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அப்பா கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் மூட்டை தூக்குபவர். அம்மாவுக்கு மூன்று வீட்டில் வேலை. 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவன் பெயர் இருந்தது. வகுப்பாசிரியை நல்லவர், அவராகத்தான் என் நிலையத்தின் பெயரை அந்த அம்மாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று சொன்னான். விரலைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வாய் நான்காம் வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது, விரல் மூன்றாம் வரியில் நின்றது. வகுப்பில் மற்றவர்கள் வாசிப்பதைக் காதால் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். புத்தகத்தை மூடி, அதே பாடத்திலிருந்து ஒரு சொல்லைத் தனியாக எழுதிக் காட்டினேன். முகம் செத்துப்போயிற்று. பேச்சை மாற்றுவதற்காக அவன் அப்பா வேலையைப் பற்றிக் கேட்டேன். முப்பத்தேழு மூட்டைக்கு என்ன கூலி வரும், அதில் மேஸ்திரிக்குப் போக எவ்வளவு மிஞ்சும் என்று தாளோ பென்சிலோ இல்லாமல் சொன்னான். சரியான கணக்கு.

இந்தப் பையனுக்கு என்ன பிரச்சினை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் விதிப்படி போனேன். நிலையத்துக்கு வந்துபோகும் உளவியலாளர் அறிவுத்திறன் சோதனை எடுத்தார். 82 வந்தது.

இந்த 82ஐப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1995ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்தவை ஏழு வகைக் குறைபாடுகள். கற்றல் குறைபாடு அதில் கிடையாது. 2016இல் வந்த புதிய சட்டம் 21 வகைகளை ஏற்றபோதுதான் டிஸ்லெக்சியாவும், எழுதுவதில் சிக்கலான டிஸ்கிராஃபியாவும், கணக்கில் சிக்கலான டிஸ்கால்குலியாவும் உள்ளே வந்தன. சான்றிதழ் கொடுப்பதற்கான வழிகாட்டுதல் 2018 ஜனவரியில் வெளியானது. அறிவுத்திறன் எண் 85க்கு மேல் இருந்தால்தான் அடுத்த கட்டமான கற்றல் குறைபாட்டுச் சோதனைக்குப் போகலாம் என்றது அது. சான்றிதழ் கையிலிருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்துக்கு விலக்கு, ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஒரு ஆள் என்று சலுகைகள் உண்டு. 82 என்றதும் கதவு அங்கேயே மூடிவிட்டது.

அந்த எண் எதை அளக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நம்மூரில் பரவலாகப் பயன்பட்ட மாலின் அறிவுத்திறன் அளவுகோல் 1960களில் நாக்பூரில் உருவானது. பொது அறிவு, சொல்வளம் என்றெல்லாம் அதில் பிரிவுகள் இருக்கின்றன. வீட்டில் புத்தகமும் ஆங்கிலமும் புழங்குகிற பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் தானாக ஏறும். அதோடு, வாசிக்க முடியாத பிள்ளைக்கு வருஷம் ஏற ஏறச் சொல்வளம் பின்தங்கிக்கொண்டே போகும். வாசிப்பு ஆய்வாளர் கீத் ஸ்டேனோவிச் 1986இல் இதை எழுதிவிட்டார்: வாசிக்கிறவன் மேலும் மேலும் பெறுகிறான், வாசிக்காதவன் இருப்பதையும் இழக்கிறான். வாசிக்க முடியாததால் குறைந்த எண்ணைக் காட்டி, 'உனக்கு எண் குறைவு, அதனால் வாசிப்புச் சிக்கலுக்கான உதவி கிடையாது' என்று சொல்வது எவ்வளவு பெரிய அபத்தம்! 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேடு ஏறக்குறைய 70க்கு மேல் இருந்தாலே போதும் என்கிறது. பயிற்சி வகுப்புகளில் இதையெல்லாம் மற்ற ஆசிரியர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தப் பையன் ஃபைலில் 'எல்லைக்கோட்டு அறிவுத்திறன், சூழல் காரணமான பின்னடைவு' என்று எழுதினேன்.

சூழல் காரணம் என்ற சொல்லும் நான் கண்டுபிடித்ததில்லை. அமெரிக்காவில் 1975இல் வந்த சிறப்புக் கல்விச் சட்டத்தின் வரையறையிலேயே, பொருளாதாரப் பின்னடைவால் வரும் படிப்புச் சிக்கல் கற்றல் குறைபாடு ஆகாது என்று ஒரு விலக்கு உண்டு. நாங்கள் படித்த பாடப்புத்தகங்களெல்லாம் அங்கிருந்து வந்தவை. நம் 2016 சட்டத்தின் வரையறையில் அந்த விலக்கு இல்லை. ஆனால் என் மண்டையில் இருந்தது. டாக்டர் வீட்டுப் பையன் தடுமாறினால் டிஸ்லெக்சியா. மூட்டை தூக்குபவர் பையன் தடுமாறினால் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஒரே மாதிரி 'கெ… கா… டி' என்று வாசித்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன்.

சரி, எண் எதுவானாலும் இலவச இடம் கொடுத்தேனே என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். கொடுத்த இடம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் கட்டும் பிள்ளைகளுக்கு மாலை நான்கிலிருந்து ஏழு வரை வகுப்பு. இலவசப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையும், வார நாளில் மதியம் இரண்டு மணியும். முதலில் அப்படி இல்லை, எல்லாரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். கட்டணம் கட்டுகிற ஒரு அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், பேச்சு வழக்கெல்லாம் ஒட்டிக்குது…" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. அடுத்த மாதமே நேரத்தைப் பிரித்துவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் ஆசிரியர் பற்றாக்குறை என்றேன்.

மதியம் இரண்டு மணிக்கு வர வேண்டுமானால் பள்ளியில் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும். சனிக்கிழமை பதினொரு மணிக்கு அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து, வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுப்பதென்று கற்றுக்கொள்ள வேண்டும். தொடர்ந்து மூன்று வகுப்புக்கு வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. தினமும் வீட்டில் இருபது நிமிஷம் பயிற்சி, அதற்கு ஒரு நோட்டு, நோட்டில் பெற்றோர் கையெழுத்து. ஒவ்வொரு விதிக்கும் நியாயம் இருந்தது. வீட்டுப் பயிற்சி இல்லாவிட்டால் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும், அது உண்மை. அந்த நியாயத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதும் உண்மை.

அந்த அம்மா வரத்தான் செய்தார். காலையில் இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்போது மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து கிடையாது, அது 2021இல்தான் வந்தது. ஷேர் ஆட்டோவுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் காசு எண்ணி வைக்க வேண்டும். குழந்தை அழுததும், "அடுத்த தடவை சின்னதை விட்டுட்டு வாங்க, மத்த பிள்ளைங்களுக்கு இடைஞ்சலா இருக்கு" என்றேன். "யார்ட்ட டீச்சர் விட்டுட்டு வர?" என்று கேட்டார். அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்பதுபோல நிஜமாகவே கேட்டார். நான் பதில் சொல்லாமல் பயிற்சி நோட்டை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடமெல்லாம் காலி. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்றாடம் பயிற்சி நடக்காதபோது நடந்ததாகப் போடுவது பொய் என்று போடாமல் விட்டிருந்தார். அதே வரிசையில் இன்னொரு வீட்டு நோட்டில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்ட முப்பது கையெழுத்து இருந்தது. அந்த வீட்டுக்கு 'நல்ல ஒத்துழைப்பு' என்று எழுதினேன்.

அப்புறம் பையனுக்குக் காய்ச்சல், பிறகு அவர் வேலை செய்த வீட்டில் ஏதோ விசேஷம். மூன்று வகுப்பு தவறியது. இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, 'விலகல். காரணம்: பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். ஒரு போன் போட்டுக் கேட்கவில்லை. அந்த இடம் கூட்டுறவு வங்கி ஊழியர் ஒருவரின் பெண்ணுக்குப் போனது. வசதியான வீடில்லை, ஆனால் பாட்டி இருந்தார், ஸ்கூட்டர் இருந்தது, மாலையில் வீட்டில் ஒரு ஆள் இருந்தது. அந்தப் பெண் நன்றாகத் தேறினாள். அவளுடைய முதல் மாத நோட்டையும் கடைசி மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, நிதி கொடுக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினேன்.

நிதி அறிக்கையில் நான் செய்ததுதான் இருப்பதிலேயே அசிங்கமானது. 'இலவசத் திட்டத்தில் பயின்ற மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் முன்னேற்றம்' என்று வருஷாவருஷம் எழுதினேன். அந்தப் பத்துப் பேர் யார்? கடைசி வரை இருந்தவர்கள். நடுவில் போனவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பொய் எண் எதையும் எழுதவில்லை. வகுக்கும் எண்ணை மட்டும் மாற்றினேன். யாரும் கேட்கவுமில்லை.

2023இல் ஒரு இளம்பெண் கேட்டார். நிதி நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர். தேறியவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி விலகினவங்க லிஸ்ட்டும் காரணத்தோட கொடுங்க மேடம்" என்றார். பழைய ஃபைல்களை எடுத்துத் தொகுக்க உட்கார்ந்தேன். காரணம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை பெரும்பாலும் அதே வரி, என் கையெழுத்தில். பெற்றோரின் தொழில் என்ற கட்டத்தையும் சேர்த்துப் பார்த்தேன். சுமைப்பணி, வீட்டு வேலை, சித்தாள், பூக்கட்டு, தூய்மைப் பணி. நிலைத்தவர்கள் பட்டியலில் இந்தத் தொழில்களில் ஒன்றுகூட இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டியதில்லை. இரண்டு தாளையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் போதும். அத்தனை வருஷமும் நான் வைக்கவில்லை.

அந்தப் பையனின் பள்ளிக்குப் போய் விசாரித்தேன். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் வகுப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறான். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனவன் சில மாதங்களில் நின்றுவிட்டானாம். அப்பாவோடு கீழமாசி வீதிக்குப் போவதாகச் சொன்னார்கள். என் நிலையத்தில் தொடர்ந்திருந்தால் படித்திருப்பான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. படிக்க வாய்ப்பிருந்தது, அந்த வாய்ப்பு என் கையில் இருந்தது.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நான் தனி ஆள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட காலமும் உண்டு. அரசாங்கத்தின் வேலைதான், மறுக்கவில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று 2016 சட்டமே சொல்கிறது. தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் விகிதம் வகுத்துக் கொடுத்தது. நடப்பில் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள் ஒப்பந்தச் சம்பளத்தில் பல பள்ளிகளுக்கு அலைகிறார்கள். பார்வையில்லாத பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை என்று எல்லோரையும் பார்த்து முடித்தபிறகு, ஓடியாடித் திரியும் டிஸ்லெக்சியாப் பிள்ளை அவர்கள் கண்ணுக்குப் படுவதே அபூர்வம். ஆனால் செல்லூர்ப் பையனை நிராகரித்தது அரசாங்கம் இல்லை. அவன் ஆசிரியை அடையாளம் கண்டு அனுப்பினார், அவன் அம்மா கூட்டிவந்தார். அரசு சம்பளம் வாங்குகிறவரும் வீட்டு வேலை செய்கிறவரும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.

பிறகு சிலவற்றை மாற்றினேன். பிள்ளையை நிலையத்துக்கு வரவழைப்பதற்குப் பதில், இரண்டு மாநகராட்சிப் பள்ளிகளில் அனுமதி வாங்கி அங்கேயே ஒரு அறையில், பள்ளி நேரத்திலேயே வகுப்பு நடத்துகிறோம். இது என் யோசனை இல்லை. சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பள்ளிகளுக்குள்ளேயே சிறப்புப் பயிற்சிக்கான வள அறைகள் அமைக்க உதவிவருகிறது. அது எனக்கு முன்பே தெரியும். என் நிலையத்தின் பெயர் வெளியே தெரியாது என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. பெற்றோர் உட்கார வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டேன். வீட்டுப் பயிற்சிக்குப் பதிலாக, அந்தந்தப் பகுதியில் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்து மாலையில் அந்த இருபது நிமிஷத்தைச் செய்ய வைக்கிறோம். தமிழ் வழிப் பிள்ளைகளைத் தமிழில்தான் சோதிக்கிறோம், எண் எதுவானாலும் வகுப்பில் சேர்க்கிறோம். அறிக்கையில் சேர்ந்தவர்கள் எல்லோரையும் வைத்துத்தான் இப்போது வகுக்கிறேன். பத்தில் ஒன்பது என்பது பத்தில் ஐந்துக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. நிதி கொஞ்சம் குறைந்தது, நின்றுவிடவில்லை.

மாற்றாததும் இருக்கிறது. நிலையத்தில் மாலை நான்கிலிருந்து ஏழு வரை இன்னமும் கட்டணம் கட்டுபவர்கள்தான். அவர்கள் பணத்தில்தான் பள்ளி வகுப்புகளின் பாதிச் செலவு ஓடுகிறது. அவர்களை முகம் சுளிக்கவைக்கும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை. செல்லூருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்க்கவும் இல்லை. விலாசம் இருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் "பரவால்ல டீச்சர்" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வந்தால் லாபம் எனக்கு மட்டும்தான் என்று போகாமல் இருக்கிறேன். இதுவும் ஒரு சாக்காக இருக்கலாம். பையன் இப்போது இளைஞனாகியிருப்பான். வாசிக்கக் கற்றுக்கொள்ள அது கடந்துபோன வயதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இலவச இடம் வைத்திருக்கும் நிலையங்களுக்குப் பணம் கொடுப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தேறிய பிள்ளையின் நோட்டைக் காட்டினால் பாருங்கள், அது உண்மையான உழைப்புதான். அப்படியே விலகியவர்கள் பட்டியலையும் கேளுங்கள். பெற்றோரின் தொழில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விலகிய காரணத்தை வீட்டில் கேட்டு எழுதினார்களா, மேசையில் உட்கார்ந்தபடியே எழுதினார்களா என்று விசாரியுங்கள். என்னிடமிருந்தே தொடங்கலாம்.